காதைப் பிடித்துக்கொண்டிருந்த பகல்

என் கையெழுத்தோடு இந்த வாரமும் மல்லுக்கட்டப் போகிற தம்பிக்கு முதலில் ஒரு கும்பிடு. பத்திரிகை ஆபீசில் என் தாள்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்கிறவர் அவர்தானாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ர, எந்த ற என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். தப்பைத் திருத்திப் போடுங்கள். போன வாரத் தாளில் ஒட்டியிருந்தது தேன் இல்லை, பலாப் பிசின். தேனைப் பற்றி எழுதியதால் நீங்கள் தேன் என்று நினைத்திருக்கலாம்.

இந்த வாரம் எழுதுவதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தாளுக்கு முகம் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

ஒரு பகல் முழுக்க நான் என் மகளின் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் பஞ்சுத்துணி. அதற்குள் அவள் காதின் கீழ்மடல். ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். தலைக்கு மேலே மருந்து ஓடுகிற மெஷின், மழைக்காலத்துப் பூச்சி மாதிரி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு பூவரச மரம். அதன் நிழல் கட்டில் மேல் ஆடியது. அவள் தூங்கினாள். நானும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். விரல் மட்டும் விழித்திருந்தது.

மரம் ஓடுகிறது

அப்போது பொன்னியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிது. மழை விட்டதும் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. இவளுக்கும் வந்தது. தண்ணீர் கொடுத்தால் துப்புவாள். கஞ்சி கொடுத்தால் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு வழியாகக் காய்ச்சல் விட்டது. சாமைக் கூழ் குடித்தாள், சிரித்தாள்.

அப்புறம்தான் கால்.

இடது கால், தொடையிலிருந்து விரல் வரைக்கும் வீங்கிக்கொண்டது. சுளுக்கு என்று நினைத்து என் மனைவி உண்ணாமலை எண்ணெயைச் சுடவைத்து உருவப் பார்த்தாள். கை வைத்ததும் பிள்ளை போட்ட கூச்சலில் கூரைக் கோழியெல்லாம் பறந்து ஓடியது. உருவுவதை நிறுத்திவிட்டோம். அவள் கத்தியதுதான் நல்லதாயிற்று என்று பிறகு டாக்டரம்மா சொன்னார்.

மறுநாள் விடிந்தபோது கால் நாவல்பழ நிறத்தில் இருந்தது.

எங்கள் ஊர் மலை மேலே, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். ஜீப்பு வருகிற இடத்துக்கு ஒத்தையடிப் பாதையில் இறங்கி நடக்க வேண்டும். மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி டோலி போட்டோம். முன்னால் என் மச்சான் வெள்ளையன், உண்ணாமலையின் தம்பி. பின்னால் நான். கீழே பனி இன்னும் எழுந்திருக்கவில்லை. பனிக்குள் இறங்குவது தண்ணீருக்குள் இறங்குவது போல இருந்தது.

போர்வைக்குள்ளிருந்து பொன்னி மேலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, மரமெல்லாம் ஓடுது."

"நாமதாம்மா போறோம்."

"இல்ல, மரந்தான் ஓடுது. நான் சும்மாத்தான் கீறேன்."

நான் எத்தனையோ முறை அந்தப் பாதையில் போயிருக்கிறேன். அதற்கப்புறம் போகும்போதெல்லாம் மரங்கள்தான் ஓடுகின்றன. நான் சும்மாதான் இருக்கிறேன்.

ஜீப்பு ஓட்டியது கோவிந்தன். பக்கத்து ஊர்க்காரர். அவர் பெண்ணைத்தான் வெள்ளையனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு அடுத்த மாதம் நாள் பார்த்திருந்தது. வழியெல்லாம் வெள்ளையன் வருங்கால மாமனார் பக்கத்தில் உட்கார வெட்கப்பட்டு, பின்னால் பிள்ளையின் காலைத் தாங்கிக்கொண்டே வந்தான். ஒடுகத்தூரில் டாக்டர் காலைப் பார்த்த உடனே ஊசி போடக்கூட நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வைத்துக் கீழ்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். கோவிந்தனும் ஜீப்பிலேயே பின்னால் வந்தார்.

தள்ளக் கூடாது, கரைக்க வேண்டும்

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டரம்மா சின்ன உருவம். ஸ்கேன் பார்த்துவிட்டு எங்களை உட்கார வைத்துப் பேசினார். உட்கார வைத்துப் பேசுகிறார்களே என்றுதான் எனக்குப் பயம் வந்தது.

"காலிலிருந்து ரத்தம் மேல போற குழாய்ல ரத்தம் கட்டியா உறைஞ்சு அடைச்சிருக்கு. தொடையிலருந்து அடிவயிறு வரைக்கும். பிள்ளைங்களுக்கு இது அபூர்வம். காய்ச்சல்ல உடம்புல தண்ணி வத்திப்போனதுல வந்திருக்கலாம்."

உண்ணாமலை கேட்டாள்: "புடிச்சு உருவி விட்டா போவாதாம்மா?"

"உருவவே கூடாது. கட்டி பிச்சுகிட்டு நெஞ்சுக்குப் போயிடும். தள்ளக் கூடாதும்மா, கரைக்கணும். அதுக்கு மருந்து இருக்கு."

எங்கள் நிலத்துக்கு மேலே ஒரு ஓடை. மழைக்குச் சருகும் சேறும் வந்து பாறை இடுக்கில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஏறி வயலை முழுங்கப் பார்க்கும். கடப்பாறையால் ஒரே குத்தாகக் குத்தினால் மொத்தமும் உருண்டு வந்து கீழ்க்கொல்லையை அடித்துக்கொண்டு போகும். ஓரத்தில் கையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றைக் கரைத்துவிட வேண்டும். டாக்டரம்மா பேசும்போது நான் அந்தப் பாறை இடுக்கில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கை ஜில்லென்று இருந்தது.

"சாதாரணமா உறையாம இருக்கிற மருந்து மட்டும் குடுத்து, உடம்பே கரைச்சுக்கட்டும்னு விடுவோம். இவளுக்கு அவ்ளோ நேரம் இல்ல. கால் கறுத்துகிட்டு வருது. இன்னிக்குள்ள ரத்தம் ஓடலன்னா கால எடுக்க வேண்டி வரலாம்."

உண்ணாமலை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கரைக்கிற மருந்துலயும் ஆபத்து இருக்கு. அது இந்தக் கட்டிய மட்டும் தேடிப் போகாது. உடம்புல எங்க ரத்தம் உறைஞ்சு புண்ண மூடியிருக்கோ அங்கெல்லாம் திறந்துவிட்டுடும். தலைக்குள்ள கசிஞ்சா உயிரே போயிடும். அதனால கேக்கறேன். சமீபத்துல விழுந்தாளா? அடி, காயம், ஆபரேஷன், ஏதாவது?"

உண்ணாமலை இல்லை என்று தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

வெள்ளையன் மடி

இங்கே ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

காய்ச்சல் வருவதற்குச் சில நாள் முந்திதான் பொன்னிக்குக் காது குத்தினோம். ஊர்க் கோயில் வேப்பமரத்தடியில், வெள்ளையன் மடியில் வைத்து. தாய்மாமன் இல்லையா. புது வேட்டி கட்டிக்கொண்டு, அதற்குப் பழக்கமில்லாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பொன்னி அழவில்லை. அவன்தான் ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எங்கள் கணக்கில் காது குத்து காயம் இல்லை. அது கல்யாணம்.

இன்னொன்றும் உண்டு. காது ஆறுகிற வரைக்கும் பிள்ளைக்கு மடி கொடுத்தவன் பொறுப்பு என்பது எங்கள் ஊர் வழக்கம். அதற்குள் பிள்ளைக்குப் பெரிய நோய் வந்தால் மடி சரியில்லை என்பார்கள். சண்டை சச்சரவு ஒன்றும் இருக்காது. ஆனால் அவன் மடியில் அப்புறம் யாரும் பிள்ளையை வைக்க மாட்டார்கள். கல்யாணம் ஆகாதவனாக இருந்தால் பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். அதனால் காது ஆறாத வீட்டில் நோய் வந்தால் காது குத்திய பேச்சையே யாரும் எடுப்பதில்லை. அக்காமார்கள் எடுக்கவே மாட்டார்கள்.

ஸ்கேனுக்காக நகையைக் கழற்றச் சொன்னபோது உண்ணாமலைதான் கம்மலைக் கழற்றினாள். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் வேப்பங்குச்சியைக் கிள்ளிச் சொருகி, முடியை இழுத்து மூடினாள். சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"காது எப்பம்மா குத்துனீங்க?"

"அது ஆச்சுங்க."

சிஸ்டருக்கு ஆயிரம் வேலை. அந்தப் பக்கம் போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெள்ளையனும் கோவிந்தனும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தலையணையில்

காலையிலேயே மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். யாரும் பிள்ளையைத் தூக்கக் கூடாது, புரட்டக் கூடாது, புதுசாக எங்கேயும் ஊசி குத்தக் கூடாது. பல்லைக்கூடத் தேய்க்க விடவில்லை. பொன்னி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். "தெனமும் இந்த மருந்தே போடுங்கக்கா" என்றாள்.

வெயில் ஜன்னலுக்கு வந்த நேரம். சிஸ்டர் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தார். நிமிரும்போது தலையணையைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"டாக்டர்! காதுல ரத்தம்!"

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. செருப்புகள் ஓடி வந்தன. டாக்டரம்மா பொன்னியின் கண்ணில் விளக்கடித்தார். கையைப் பிடித்து, "என் விரல அமுக்கு பாப்பா" என்றார். தலைக்குள் கசிந்து காது வழியாக வருகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். மெஷின் மேல் கையை வைத்துவிட்டார். "மருந்த நிறுத்துங்க. தலைக்கு ஸ்கேன் சொல்லுங்க."

உண்ணாமலை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி. தம்பி பக்கத்தில் கோவிந்தன். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டிக் காதைக் காட்டப் போனேன். அதற்குள் கதவு திறந்தது.

வெள்ளையன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு.

"டாக்டரம்மா, அது தலையிலருந்து வரல. காது குத்தன ஓட்டைங்க. இன்னும் ஆறல. எம் மடியில வச்சித்தான் குத்துனாங்க."

சொல்லும்போது அவன் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. திரும்பி, பெஞ்சில் இருக்கிறவருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னான்.

"எம் மடியிலதான்."

டாக்டரம்மா முடியை ஒதுக்கி வேப்பங்குச்சியை மெதுவாக எடுத்தார். காதுக்குள் விளக்கடித்தார். உள்ளே சுத்தமாக இருந்தது. கீழ்மடலில் மட்டும் ஊற்றுக்கண் மாதிரி சிவப்பு ஊறியது. மறு காதிலும் குச்சியை எடுத்துப் பார்த்தார். அங்கே ஒரு பொட்டு, அவ்வளவுதான், தானாக நின்றுவிட்டது.

"இத முன்னாடியே சொல்ல மாட்டீங்களாம்மா?" என்று உண்ணாமலையைக் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். உண்ணாமலை தம்பியின் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவுக்கு என்ன புரிந்ததோ, அதற்கு மேல் கேட்கவில்லை.

"சரி. அழுத்திப் புடிச்சா நிக்குதான்னு பாப்போம். நின்னா மருந்து ஓடட்டும். நிக்காம வழிஞ்சா நிறுத்தித்தான் ஆவணும். நிறுத்துனா காலுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. யாரு புடிக்கிறீங்க?"

உண்ணாமலை வாயிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. நான் என் கையைப் பார்த்தேன். பேச்சு வேண்டாத வேலை.

"நான்" என்றேன்.

விரல் மட்டும்

விடக் கூடாது, திறந்து பார்க்கக் கூடாது, நசுக்கவும் கூடாது. சிஸ்டர் என் விரல் மேல் அவர் விரலை வைத்து எவ்வளவு அழுத்தம் என்று காட்டினார். போளூர்ப் பக்கத்துப் பெண், எங்கள் பேச்சுதான். "அவ்ளோதாண்ணா. தும்பியப் புடிக்கிற மாதிரி."

தும்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் விரல் என்னுடையதாக இல்லை. உள்ளே ஒரு துடிப்பு தெரிந்தது. அது அவள் துடிப்பா என் துடிப்பா என்று பிரிக்க முடியவில்லை. பூவரச நிழல் கட்டிலில் மெதுவாக நகர்ந்தது. நான் எங்கள் ஓடைக்குப் போய்விட்டு வந்தேன். வேப்பமரத்தடிக்குப் போனேன். அங்கிருந்து நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஓட்டுக் கட்டடம், ஒரே வாத்தியார், ஒரே அறையில் எல்லா வகுப்பும். ர போட வேண்டிய இடத்தில் ற போட்டால் காதைப் பிடித்துத் திருகுவார். திருகும்போது அவர் விரலில் மூக்குப்பொடி வாசம் வரும். காதைப் பிடிப்பதற்கு இப்படி ஒரு வேலையும் உண்டு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பொன்னி கண்ணைத் திறந்தாள். கண்ணை உருட்டி என் கையைப் பார்த்தாள்.

"நான் இன்னாப்பா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"அப்புறம் இன்னாத்துக்குக் காதப் புடிச்சுகினு கீற?"

சிஸ்டர் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: "உங்கப்பா வாத்தியாரு மாதிரி பாப்பா. வாய்ப்பாடு சொன்னாத்தான் வுடுவாரு."

"அவருக்கே வாய்ப்பாடு தெரியாது" என்றாள் பொன்னி. சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

பஞ்சுத்துணியில் சிவப்பு ஒரு நெல்லிக்காய் அளவுக்குப் பரவியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி இல்லை, வெயில்தான். ஆனால் எனக்கு எல்லாம் பனிக்குள் நடப்பது போல இருந்தது. நெல்லிக்காய் பெரிதாகவில்லை. அப்புறமும் பெரிதாகவில்லை. டாக்டரம்மா வந்தார், பார்த்தார், மெஷினைத் தொடாமல் போனார். அவர் தொடாமல் போகும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்க ஒரு கை சும்மா இருந்தது. துடைக்கவில்லை.

மூங்கில் சத்தம்

வெயில் மஞ்சளானபோது உண்ணாமலை, "ஏங்க" என்றாள். அவள் கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள். பிள்ளையின் கால் கட்டைவிரலைக் காட்டினாள். நாவல்பழம் போய், பழுக்கத் தொடங்கிய அத்திக்காயின் இளஞ்சிவப்பு. தொட்டுப் பார்த்தவள், "சுடுது" என்றாள். சூடு என்று அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து தொடையில் வைத்தார். முதலில் கரகரவென்றது. அவர் கொஞ்சம் நகர்த்தினார். வந்தது. மூங்கில் தோப்புக்குள் காற்று போகிற சத்தம். மூச்சு விட்டு மூச்சு விட்டு, அவசரமில்லாமல் போகிற காற்று.

"ரத்தம் ஓடுற சத்தம். காலையில இந்த இடத்துல ஒண்ணும் கேக்கல" என்றார். "முழுசும் கரையல. ஆனா வழி கெடச்சிடுச்சு. கால் தப்பிச்சுது."

உண்ணாமலை பிள்ளையின் பாதத்தை இரண்டு கையாலும் மெதுவாக மூடிக்கொண்டாள்.

"இப்ப வுடலாம்ணா" என்று சிஸ்டர் என் விரலைப் பிரித்தார். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. விரல் அந்த வளைவிலேயே நின்றுவிட்டது. சாப்பிடும்போதுகூட ஏதோ பிடித்திருப்பது போலவே இருந்தது.

வெளியே வந்தேன். பெஞ்சில் வெள்ளையன் மட்டும் இருந்தான்.

"அவரு?"

"போய்ட்டாரு மாமா. டீ குடிச்சிட்டு வர்றேன்னு அப்பவே போனாரு. வரல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "காலு?"

"ஓடுதுடா" என்றேன்.

அவன் தலையைத் தலையை ஆட்டினான். கோவிந்தன் விட்டுப்போன இடத்தில் நான் உட்கார்ந்தேன். நடுவில் இடம் விடாமல்.

கோவிந்தன் இருட்டுவதற்கு முன்னால் வந்தார். கையில் சாப்பாட்டுப் பொட்டலங்கள், கிச்சிலிப்பழம். அலைந்து திரிந்து யோசித்துவிட்டு வந்த முகம். வெள்ளையனிடம் ஒரு பொட்டலத்தை நீட்டி, "துன்னுடா. ஒன் மடி எப்பிடியோ எனக்குத் தெரியாது. புள்ள உசுருன்னதும் வாயத் தொறந்த. எம் பொண்ணுக்கு அது போதும்" என்றார். வெள்ளையன் பொட்டலத்தைத் தலைகீழாகப் பிரித்துச் சாம்பாரை மடியில் ஊற்றிக்கொண்டான்.

அந்த ஒரு காது

வீட்டுக்கு வந்த பிறகும் நாளாயிற்று. மறுபடி உறையாமலிருக்க, தொடையில் சின்ன ஊசி போட வேண்டும். உண்ணாமலை கற்றுக்கொண்டு அவளே போட்டாள். அதற்குப் பிறகும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் டாக்டரம்மா, இனிமேல் மருந்து வேண்டாம், தண்ணீர் நிறையக் குடி, ஓடு, விளையாடு என்று அனுப்பிவிட்டார். இப்போதும் நிறைய நடந்தால் அந்தக் கால் கொஞ்சம் வீங்கும். இறுக்கமான நீளச் சாக்ஸ் போட்டுக்கொள்வாள்.

நான் பிடித்த காதில் ஓட்டை தூர்ந்துவிட்டது. மறு காது அப்படியே நின்றது. ஒற்றைக் கம்மலோடு பள்ளிக்கூடம் போனாள். கேட்டால், "எங்கப்பா அடச்சிட்டாரு" என்பாள்.

வெள்ளையனுக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் ஊர் ஊர்தான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ காது குத்து. தாய்மாமன் முறைக்கு அவனைக் கூப்பிட வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்டவனைக் கூப்பிட்டார்கள். அவன் பந்தியில் தண்ணீர் ஊற்றுவான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் கஷ்டம்.

இந்தப் பங்குனியில் பொன்னி தானாகவே சொன்னாள், அந்தக் காதையும் குத்திக்கொள்கிறேன் என்று. இப்போது அவள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். வயசுப் பெண்ணுக்கு மடி எதற்கு, நாற்காலியில் உட்காரட்டும் என்றார்கள். "மாமா மடியிலதான்" என்றாள். வேறு பேச்சு பேசவில்லை.

அன்றைக்கு வேப்பமரத்தடியில் நாலைந்து குழந்தைகளுக்கும் காது குத்து இருந்தது. வெள்ளையன் வேட்டியை இடுப்பில் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பொன்னி அவன் மடியில் உட்கார்ந்தாள். அவள் கால் இரண்டும் மண்ணில் நீண்டு கிடந்தன. ஊரே சிரித்தது.

"மாமா, கால் மரத்துச்சுன்னா சொல்லு. ரத்தம் கட்டிக்கப் போவுது."

"நீ ஆடாத குந்து" என்றான் வெள்ளையன்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். பழக்கத்தில் கை நீண்டுவிட்டது.

"அப்பா, நீ கைய எடு. இந்த வாட்டி ஓட்டை இருக்கட்டும்."

ஆசாரி குத்தினார். வெள்ளையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது தானாகவே நின்றது.

பொன்னி எழுந்தாள். வெள்ளையன் வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்திருக்கப் போனான். அதற்குள் வரிசையில் அடுத்து நின்றிருந்தவள், வெள்ளையனுக்குத் தங்கை முறை, இடுப்புப் பிள்ளையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

"புடிண்ணா, நேரமாவுது" என்றாள்.

*இதை எழுதி முடித்தது: பங்குனி மாதம், புளி உலுக்கி முடித்த மறுநாள், செவ்வாய்க்கிழமை.*